முட்டிக்கு வேலை குடு, துட்டைப் பொட்டியில வை

ஏலே தம்பி, இங்ஙன வந்து திண்ணையில உக்காரு. மெதுவா, மெதுவா. அதென்ன, உக்காரும்போது "அம்மா"ங்க, எந்திரிக்கும்போது "அப்பா"ங்க? நாப்பது வயசுலயே ரெண்டு பேரையும் கூப்பிட்டுட்டா, என் வயசுல யாரைக் கூப்பிடுவ?

கையில என்ன மினுங்குது? செம்புக் காப்பா? மூட்டுவலியை உறிஞ்சி எடுத்துரும்னு சொன்னானாக்கும். முட்டியில என்ன? காந்தப் பட்டையா? சரிதான். வீட்டுல செவப்பு லைட்டு அடிக்கிற மிசினு ஒண்ணு, காலைக் கவ்விப் பிடிச்சு நடுங்குற மிசினு ஒண்ணு, கொரியர்ல வந்த எண்ணெ ரெண்டு, கரண்டியோட வந்த பவுடர் டப்பா மூணு. இம்புட்டையும் வாங்குததுக்கு உன் ஒடம்புல வேலை பாத்தது எது? போனைத் தட்டுன ஒத்த வெரலு. முட்டிக்கு ஏதாவது வேலை குடுத்தியா? குடுக்கல. அதான் அது மொனங்குது.

என்ன அப்படிப் பாக்க? தாத்தா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மாடு மேய்ச்சவன்தான். ஆனா பேப்பரு ஒரு வரி விடமாட்டேன். பேத்தி வேற பிசியோதெரபி படிச்சிட்டு ஆஸ்பத்திரியில வேலை பாக்கா. லீவுல வந்தா அவளை நான் சும்மா விடுததில்ல. அந்தச் செம்புக் காப்புச் சங்கதியும் அவ சொன்னதுதான். இங்கிலாந்துல யார்க் பல்கலைக்கழகத்துக்காரக முடக்குவாதம் உள்ள 70 பேருக்குச் செம்புக் காப்பு, காந்தப் பட்டை, சும்மாப் பட்டைன்னு மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தாகளாம். 2013-ல முடிவு வந்துச்சு. வலியும் கொறையல, வீக்கமும் கொறையல. கழட்டாண்டாம், இருக்கட்டும். கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போ, எடுப்பா இருக்கு.

மூட்டுன்னா என்னன்னு தெரியுமாலே? ரெண்டு எலும்பு சேருத எடம். ஒண்ணோட ஒண்ணு ஒரசாம இருக்க, நுனியில வழுவழுன்னு ஒரு பூச்சு இருக்கு. குருத்தெலும்புன்னு பொஸ்தகத்துல போட்டிருக்கும். நம்மாளுக ஜவ்வும்பாக. அந்த ஜவ்வுக்குள்ள ரத்தக் குழாயே கெடையாது. அப்ப அதுக்குச் சாப்பாடு எப்படிப் போகுது? மூட்டுக்குள்ள கொழகொழன்னு கொஞ்சூண்டு தண்ணி கெடக்கும். தண்ணிக்குள்ள பஞ்சைப் போட்டு அமுக்கி விட்டா குடிக்குமே, அந்தக் கணக்குதான். காலை ஊனும்போது ஜவ்வு அமுங்குது, எடுக்கும்போது உறிஞ்சுது. நடந்தாத்தான் அதுக்குச் சோறு. நீ காலையில காருல உக்காருத, பகல் பூரா ஆபீசு நாற்காலியில உக்காருத, ராத்திரி சோபாவுல உக்காருத. மொத மாடிக்கு லிப்ட்டு. சாயங்காலம் வாக்கிங் போகணும்னா கிரவுண்டு வரைக்கும் காரு. அப்புறம் "தாத்தா, என் ஜவ்வு ஏன் தேயுது"ன்னு என்கிட்ட கேக்க.

ஆனா ஒண்ணு. "அந்தக் காலத்துல எவனுக்கும் மூட்டுவலியே கெடையாது, எல்லாம் கம்பங்கஞ்சி மகிமை"ன்னு எவனாவது வீடியோவுல பேசுனா நம்பிராத. நான் அந்தக் காலத்து ஆளு, சொல்லுதேன் கேளு. குத்தவச்சுக் களை எடுத்து, நாத்து நட்டு, தலைச்சொமை சொமந்த பொம்பளைக எத்தன பேரு அறுவது வயசுல சொவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாக தெரியுமா? கால் ரெண்டும் வில்லா வளைஞ்சு போயிருக்கும். யாரு எக்ஸ்ரே எடுத்தா? "வாய்வு"ன்னு சொல்லி உருளைக்கெழங்கையும் மொச்சையையும் நிறுத்தினாக. வலி நிக்கல, கொழம்பு ருசிதான் நின்னு போச்சு. வேலையே இல்லாட்டியும் மூட்டு கெடும், மூட்டை ஒடைக்கிற அளவுக்கு வேலை பாத்தாலும் கெடும். அளவு தெரியணும். அந்த அளவைத்தான் எவனும் டப்பாவுல அடைச்சு விக்கல.

இப்ப உன் படத்துக்கு வருவோம். எம்.ஆர்.ஐ. எடுத்தியாமே? கவரைப் பிரிச்சுப் பிரிச்சு ஊரு பூரா காட்டுதியாமே? "ஜவ்வு தேஞ்சிருக்கு, லேசாக் கிழிஞ்சிருக்கு, எலும்பு முள்ளு மாதிரி வளந்திருக்கு." சரிலே. ஐம்பது தாண்டுன நாலு பேரைப் பிடிச்சுப் படம் எடுத்தா, வலியே இல்லாதவனுக்கும் அதுல பாதி இருக்கும். படத்துல நெறையத் தேஞ்சவன் பஸ்ஸைத் துரத்திப் பிடிப்பான். படத்துல ஒண்ணுமில்லாதவன் படியேற அழுவான். டாக்டரு பாக்க வேண்டியது ஒன்னைய. நீ படத்தைக் காட்டிக் காட்டி அதுக்கு வைத்தியம் கேக்க.

அந்தப் பவுடர் டப்பாவைத் தூக்கு பாப்போம். குளுக்கோசமின். பேரைக் கேட்டாலே பாதி வலி போயிரும். அது எதுல இருந்து எடுக்கான் தெரியுமா? பெரும்பாலும் எறா ஓடு, நண்டு ஓட்டுல இருந்து. நம்ம ஆத்தா ஆய்ஞ்சு குப்பையில போட்டதை அவன் அரைச்சு டப்பாவுல போட்டுத் தாரான். அமெரிக்காவுல அரசாங்கமே செலவழிச்சு 1,583 பேருக்குக் குடுத்துப் பாத்தாக. 2006-ல முடிவு. மொத்தமாப் பாத்தா, சும்மா மாத்திரை தின்னவனை விட இது தின்னவன் பெருசா ஒண்ணும் தேறல. இன்னொரு கூத்து கேளு. அந்தச் சும்மா மாத்திரை தின்னவகள்ல 100-க்கு 60 பேரு, "வலி கொறைஞ்சிருக்கு டாக்டர்"ன்னு சொல்லியிருக்காக. பாத்தியா? மூட்டுவலி தன்னால கூடும், தன்னால கொறையும். கொறையுத நேரம் பாத்து எவன் பக்கத்துல நிக்கானோ, அவனுக்குப் பேரு.

இன்னொரு டப்பா கொலாஜன். மாட்டுத் தோலு, மீன் தோலு காச்சி எடுத்தது. தின்னா நேரா முட்டிக்குப் போயி ஒட்டிக்கிடுமாம். வயித்துக்குள்ள போன பெறகு அது எங்க போகணும்னு நீ முகவரி எழுதி விடுதியா? வயிறு அதைத் துண்டு துண்டா அரைச்சுத்தான் உள்ள அனுப்பும். அதுக்கு ஆட்டுக்கால் பாயா தேவலை. அதுலயும் முட்டி ஒண்ணும் புதுசா முளைக்காது, ஆனா எடியாப்பத்துக்குத் தொட்டுக்கிட நல்லாருக்கும்.

ஊசிக்காரன் வாரான் அடுத்து. ஒன் ரத்தத்தையே எடுப்பான், மிசின்ல சுத்துவான், ஒன் முட்டியிலயே குத்துவான். பில்லை மட்டும் உன் கையில குடுப்பான். பி.ஆர்.பி.யாம். ஆஸ்திரேலியாவுல 288 பேரை வச்சுப் பாத்தாக. பாதிப் பேருக்கு இந்த ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. 2021-ல சொன்னாக: ஒரு வருசம் கழிச்சு வலியிலயும் வித்தியாசமில்ல, ஜவ்வுலயும் வித்தியாசமில்ல. உப்புத் தண்ணி நம்ம தூத்துக்குடியில கெடைக்காததா? ஸ்டீராய்டு ஊசி கொஞ்ச நாளைக்கு வலியை அமத்தும், நெசம். வீங்கித் தவிக்கும்போது டாக்டரு போட்டா குத்தமில்ல. ஆனா வருசம் பூரா அதையே போட்டுக்கிட்டிருந்தா ஜவ்வு இன்னும் மெலியும்.

முட்டிக்குள்ள ஓட்டை போட்டுக் கழுவி விடுத வைத்தியமும் இருந்துச்சு. அமெரிக்காவுல ஹூஸ்டன்ல ஒரு டாக்டரு பெரிய மனுசன். 180 பேரைச் சேத்தாரு. கொஞ்சப் பேருக்கு நெசமாவே கழுவிச் சொரண்டி விட்டாரு. மிச்சப் பேருக்குத் தோலை மட்டும் கீறித் தச்சு அனுப்பிட்டாரு. எவனுக்கு எதுன்னு எவனுக்கும் தெரியாது. ரெண்டு வருசம் பாத்தா, எல்லாருக்கும் ஒரே கணக்கு. 2002-ல இதை அச்சுல போட்டதும் சர்ஜன்மாரு எத்தன பேரு மொகம் சுருங்கிப் போச்சு! தேய்மான முட்டிக்குச் சொல்லுதேன். பந்து வெளையாடி முட்டி திருகி, மடக்கவும் நீட்டவும் முடியாம மாட்டிக்கிட்டவனுக்கு வேற கதை.

சிரிக்கியா? டவுனுக்காரனை மட்டும் கிண்டல் பண்ணுதேன்னு நினைக்கியா? நம்ம பக்கத்து ஆளை விட்டுருவேனா? சந்தையில குடை விரிச்சுப் பொடி விக்கான் பாரு, "பாட்டன் காலத்து மூலிகை, மூணே நாள்"ன்னு. அவன்கிட்ட வாங்கித் தின்னுட்டு மூணாம் நாளு ஒருத்தன் குதிச்சு ஓடுனான்னா சந்தோசப்படாத, சந்தேகப்படு. எந்த எலையும் வேரும் அம்புட்டு வேகமா வேலை செய்யாது. பேரு இல்லாத பொடியில ஸ்டீராய்டு மாத்திரையை நுணுக்கிக் கலக்குதவனுக உண்டு. வலி பறந்துரும். அப்புறம் மூஞ்சி ஊதும், சக்கரை ஏறும், எலும்பு பொக்காப் போகும். மாசக்கணக்காத் தின்னவன் பயந்து போயி திடீர்னு நிப்பாட்டவும் கூடாது, அது அதை விட ஆபத்து. பொடியைக் கையோட எடுத்துக்கிட்டு டாக்டருகிட்டப் போயி உள்ளதைச் சொல்லணும். வெக்கப்பட்டா ஒடம்பு கெடும்.

வலி மாத்திரைக் கதை ஒண்ணு சொல்லுதேன், மறக்கமாட்ட. நான் சின்னப் பயலா இருக்கும்போது மாடு செத்தா வானத்துல பாறு வட்டம் போடும். பிணந்தின்னிக் கழுகு. பொழுது சாயுததுக்குள்ள எலும்பு மட்டும்தான் கெடக்கும். இப்ப எங்கலே காணோம்? வலிக்குன்னு மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டாக. அந்த மாடு செத்து, அதைத் தின்ன பாறுக்குக் கிட்னி போச்சு. கூட்டங்கூட்டமாச் செத்துச்சு. 2004-ல காரணத்தைக் கண்டுபிடிச்சாக. 2006-ல மாட்டுக்கு அந்த மருந்தே கூடாதுன்னு அரசாங்கம் தடை போட்டுச்சு. இன்னைக்கு நம்ம தமிழ்நாட்டுல பாறு பாக்கணும்னா நீலகிரி அடிவாரத்து மாயாறு பக்கம் போகணும். அதே டைக்ளோஃபெனாக்தான் நீ மெடிக்கல்ல "ஒரு அட்டை குடுங்கண்ணே"ன்னு வாங்கி முறுக்கு திங்குத மாதிரி திங்குத. பாறு ஒடம்பு வேற, மனுச ஒடம்பு வேற. ஒரு மாத்திரையில நீ சாகமாட்ட. ஆனா மாசக்கணக்காத் தின்னா குடல்ல புண்ணு வரும், பிரசர் ஏறும், கிட்னி கெடும். ஏற்கெனவே பிரசரு, சக்கரை, நெஞ்சு வலி உள்ளவன் டாக்டரைக் கேக்காமத் தொடவே கூடாது. முட்டிக்கு மட்டும் வலின்னா அதே மருந்து களிம்பா வருது, மேல தேய். ரத்தத்துக்குள்ள கொஞ்சமாத்தான் போகும்.

இனி முக்கியமான சங்கதி. எல்லா மூட்டுவலியும் ஒண்ணுன்னு நினைக்காத. காலையில எந்திரிச்சதும் பிடிச்சிருக்கு, ஒரு காப்பி குடிச்சு அரை மணிக்குள்ள விட்டுருதுன்னா பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரமாகியும் வெரலை மடக்க முடியல, ரெண்டு கை வெரல் கணுவும் மணிக்கட்டும் வீங்குது, ஒடம்பு அசதியாக் கெடக்குன்னா அது முடக்குவாதமா இருக்கலாம். பொம்பளைகளுக்குத்தான் கூட வரும். அதுக்கு ஒத்தடம் குடுத்து ஒக்காந்திருக்கக் கூடாது. சீக்கிரமே வாத நோய் டாக்டருகிட்டப் போனா மூட்டு கோணாமத் தப்பிக்கலாம். மெத்தோட்ரெக்சேட்டுன்னு மாத்திரை குடுப்பாக, வாரத்துக்கு ஒரே ஒரு நாள். "சீக்கிரம் கொணமாகட்டும்"ன்னு தெனமும் தின்னா உசுருக்கே ஆபத்து. நடு ராத்திரியில கால் பெருவெரலு தீப்பிடிச்சாப்ல வலிச்சா யூரிக் ஆசிட். ஈரலையும் பீரையும் கொஞ்சம் தள்ளி வை, டாக்டரைப் பாரு. 2006-ல சிக்குன்குனியா வந்து ஊரே கூனி நடந்துச்சே, அப்ப நீ எளந்தாரிப் பயல். அந்த வலி சில பேருக்கு மாசக்கணக்கா நின்னுச்சு. ஒத்த மூட்டு மட்டும் திடீர்னு வீங்கிச் சூடா இருந்து காய்ச்சலும் அடிச்சா, அன்னைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குப் பாப்போம்னு சொல்லக் கூடாது.

தேய்மானந்தான்னு தெரிஞ்சு போச்சா? அப்ப இந்தக் கெழவன் சொல்லுததைக் கேளு. அம்புட்டும் சப்புன்னு இருக்கும். துட்டு செலவில்லாதது எதுதான் உனக்கு ருசிச்சிருக்கு?

ஒண்ணு, வயிறு. கண்ணாடி முன்னாடி நிக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கியே, அதை முட்டி நம்பாது. நீ ஒரு கிலோ கொறைஞ்சா, ஒவ்வொரு எட்டுக்கும் முட்டி மேல விழுத பாரம் நாலு கிலோ கொறையுதுன்னு 2005-ல அளந்து சொல்லிட்டாக. அஞ்சு கிலோ கொறைச்சா எட்டுக்கு இருபது கிலோ. கணக்கு வருதா? எந்த டப்பா இம்புட்டுத் தள்ளுபடி குடுக்கும்?

ரெண்டு, தொடை. முட்டியைத் தாங்குதது தொடைச் சதை. நாற்காலியில உக்காந்து ஒரு காலை நேரா நீட்டு, தொடையை இறுக்கி மனசுக்குள்ள அஞ்சு எண்ணு, இறக்கு. பத்துத் தடவை. அப்புறம் அடுத்த காலு. பெறகு கையை ஊனாம நாற்காலியில இருந்து எந்திரிச்சு உக்காரு. மொத நாளு வலிக்கத்தான் செய்யும். லேசா வலிச்சு மறுநாள் காலைக்குள்ள அடங்குனா சரியான அளவு. மறுநாளும் வீங்கி நின்னா அளவைக் கொற, நிப்பாட்டாத. ஒரு வாரம் செஞ்சிட்டு "ஒண்ணும் கேக்கல தாத்தா"ன்னு வராத. மூணு மாசம் கழிச்சு வா.

மூணு, நடை. மணிக்கட்டுல வாட்ச் கட்டிக்கிட்டு பத்தாயிரம் எட்டுன்னு வீட்டுக்குள்ளயே சுத்துதியாமே. அந்தப் பத்தாயிரத்தை எந்த டாக்டரும் சொல்லல, ஜப்பான்ல எட்டு எண்ணுத கருவி விக்கதுக்கு வச்ச பேரு அது. உன்னால எம்புட்டு முடியுமோ அம்புட்டு நட. தெனமும் நட. வலி கூட இருந்தா கம்பு ஊனு. அதுலயும் கோட்டை விடாத. வலது முட்டி வலிச்சா எடது கையில கம்பு, எடது முட்டி வலிச்சா வலது கையில. ஊருல பாதிப் பேரு வலிக்கிற பக்கமே ஊனிக்கிட்டுப் போறான். கம்புன்னா வெக்கமா? அந்தக் காந்தப் பட்டையைக் கட்டும்போது வரலியா வெக்கம்?

நாலு, உக்காருத விதம். யோகா வகுப்புக்குப் போயி மொத நாளே பத்மாசனம் போட்டு முட்டியைத் திருகிக்கிட்டு வந்தியாமே, யாருகிட்டக் காட்டவாம்? வலி உள்ள முட்டிக்குக் குத்தவச்சும் சம்மணம் போட்டும் உக்காருதது ஆகாது. சாப்பிட நாற்காலி, கக்கூசுல உயரமான பேசின், கோயில்ல ஒரு முக்காலி. சாமி கோவிச்சுக்கிட மாட்டாரு.

அஞ்சு, ஒத்தடம். பிடிப்புக்குச் சூடு, வீக்கத்துக்குக் குளிர்ச்சி. நொச்சி எலை வதக்கிக் கட்டு, தவிட்டை வறுத்து ஒத்து, நல்லெண்ணெயோ வெளக்கெண்ணெயோ போட்டு மெதுவா நீவி விடு. ஜவ்வு வளராது, சொகமா இருக்கும். சொகமும் வேணும்லா? சக்கரை இருந்து கால் மரத்துப் போனவன் சூட்டுல கவனமா இருக்கணும், வெந்தாலும் தெரியாது. முடக்கத்தான் தோசை கேட்டா அத்தையை ஊத்தச் சொல்லு, பச்சை நிறமா அருமையா இருக்கும். ஆனா பத்து தோசை தின்னுட்டு "மருந்து"ன்னு சொல்லாத. மேல சொன்ன நாலு கிலோ கணக்கு அதுக்கும் உண்டு.

ஒங்கம்மாவால ஆஸ்பத்திரிக்குப் போக முடியலையா? மக்களைத் தேடி மருத்துவம்னு 2021-ல அரசாங்கம் ஒண்ணு ஆரம்பிச்சிருக்கு. நடமாட முடியாதவகளுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செஞ்சு விடுதாக. ஊரு ஆரம்ப சுகாதார நெலையத்துல போயிக் கேளு. இதுக்கு விளம்பரத்துல நடிகை வர மாட்டா, அதான் உன் கண்ணுல படல.

இம்புட்டும் செஞ்சும் ராத்திரி தூங்க முடியல, பத்து எட்டு வைக்க முடியலன்னா, மூட்டு மாத்துத ஆபரேசன் இருக்கு. அதுக்குப் பயந்து பத்து வருசம் தவந்துக்கிட்டுக் கெடக்கிறதும் முட்டாள்தனம்தான். 2017 ஆகஸ்டுல அரசாங்கம் செயற்கை மூட்டு விலைக்குக் கடிவாளம் போட்டு, சாதாரணமாப் போடுத வகைக்கு வரி போக 54,720 ரூபாய்னு வச்சுச்சு. அதுக்கு முந்தி விலை எங்கியோ நின்னுச்சு. ஆனா ஆபரேசன் முடிஞ்ச மறுநாளு என்ன சொல்லுவாக தெரியுமா? "எந்திரிங்க, நடங்க. தொடையை இறுக்குங்க, பத்துத் தடவை." ஆக, நீ எந்த வேலையில இருந்து தப்பிக்கப் பணத்தைக் கட்டினியோ, அதே வேலையை அங்கயும் செய்யச் சொல்லுவான். எங்கன சுத்துனாலும் பாதை அங்கதாம்லே வந்து சேருது.

தேஞ்ச ஜவ்வைத் திரும்ப முளைக்க வைக்கிற மருந்து இன்னைக்கு வரைக்கும் எவன்கிட்டயும் இல்ல. வலியைப் பாதியாக் கொறைக்கிற வழி உன்கிட்டயே இருக்கு. விக்கிறவனுக்கு உன் வலி வேணும், முட்டிக்கு உன் வேலை வேணும். யாருக்குக் குடுக்கப் போற? ராத்திரிச் சோத்துல ஒரு அகப்பையைக் கொற. வெடிஞ்சதும் தெருக்கோடி வரைக்கும் ஒரு நடை போ. அந்தப் போனை மட்டும் வீட்டுல வச்சிட்டுப் போ, இல்லாட்டிப் பாதி வழியில இன்னொரு டப்பா வாங்கிருவ.